1949 சார்லட் பந்தயம்: நாஸ்காரின் முதல் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' ஓட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கார்ப் பந்தயங்களை நடத்தும் அமைப்பான நாஸ்கார் பற்றிப் பேச்செடுத்தால் நம் ஆட்களிடமிருந்து இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். "நாஸ்காரே சாராயம் கடத்தினவங்க ஆரம்பிச்சதுதானே?" என்பது ஒன்று. "முதல் பந்தயத்துலயே ஜெயிச்சவரைத் தூக்கிட்டாங்களாமே?" என்பது இன்னொன்று. முதலாவதில் மசாலா கொஞ்சம் தூக்கல். இரண்டாவது அப்படியே உண்மை. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

எந்தப் பந்தயத்தைச் சொல்றீங்க? எங்க, எப்ப நடந்தது?

1949 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. இடம் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் நகரையொட்டிய சார்லட் ஸ்பீட்வே. முக்கால் மைல், அதாவது சுமார் 1.2 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மண் தடம். 200 சுற்று, மொத்தம் 150 மைல். 33 கார்கள் கிளம்பின. முதல் பரிசு 2,000 டாலர்.

இன்று நாஸ்கார் கப் தொடர் என்று அழைக்கப்படும் போட்டியின் முதல் பந்தயம் இதுதான். அப்போது அதன் பெயர் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்'. மறு வருடமே 'கிராண்ட் நேஷனல்' என்று மாற்றிவிட்டார்கள்.

ஸ்டாக் கார்னா என்ன? ஃபார்முலா ஒன் மாதிரி தனியாச் செஞ்ச காரா?

இல்லை, அதற்கு நேர் எதிர். ஷோரூமில் விற்கிற கார் எப்படி வந்ததோ அப்படியே ஓட வேண்டும். எஞ்சின், சஸ்பென்ஷன், மட்கார்டு எல்லாம் கம்பெனி கொடுத்தபடியே இருக்க வேண்டும். இன்றைய நாஸ்கார் கார்களுக்கும் கடையில் விற்கும் கார்களுக்கும் முகச்சாயலைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1949இல் அப்படியில்லை. பலர் பந்தயக் காரை ஓட்டிக்கொண்டேதான் மைதானத்துக்கு வந்தார்கள்.

ஒரே ஒரு சலுகை உண்டு. முன்பக்க வலது சக்கரத்தில் இரும்புத் தகடு வைத்துப் பலப்படுத்திக்கொள்ளலாம். அந்தச் சக்கரத்துக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை என்பது அடுத்த பதிலில்.

சும்மா சுத்திச் சுத்தி ஓட்டறதுல என்ன இருக்கு? ஏன் இடப்பக்கம் மட்டுமே திருப்பறாங்க?

நீள்வட்டத் தடத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடுவது அமெரிக்க வழக்கம். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால் ஓட்டுநர் வளைவின் உட்புறமாக, வெளிச்சுவருக்குத் தள்ளி உட்கார்ந்திருப்பார். இடது பக்கம் திரும்பத் திரும்ப எடையெல்லாம் வலப்பக்கம் சாயும். அதிலும் முன் வலது சக்கரம்தான் அதிகமாக வாங்கிக் கட்டிக்கொள்ளும். மளிகை வாங்கப் போய்வருவதற்காகச் செய்த சக்கரத்தை 200 சுற்றுக்கு இப்படி வதைத்தால் போல்ட் துளைகள் கிழிந்து சக்கரமே கழன்றுவிடும். தகட்டுக்கு அனுமதி தந்தது அதனால்தான்.

என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: ஒரு மைலுக்கும் குறைவான தடத்தை 'ஷார்ட் டிராக்' என்பார்கள். எங்கே உட்கார்ந்தாலும் முழுத் தடமும் கண்ணில் படும். 33 கார்கள் 1.2 கிலோமீட்டருக்குள் சுற்றினால் முதலில் வருபவர் சீக்கிரமே கடைசியில் வருபவரின் முதுகைப் பிடித்துவிடுவார். நெரிசல் கடைசிவரை தீராது. அது செம்மண் தடம் வேறு. தூசி கிளம்பினால் முன்னால் போகும் காரே தெரியாது.

நாஸ்காரை ஆரம்பிச்சது யாரு? இந்தப் பந்தயத்துக்கு என்ன அவசரம்?

வில்லியம் ஃபிரான்ஸ். எல்லோரும் பில் ஃபிரான்ஸ் என்பார்கள். மெக்கானிக்காக இருந்து, பந்தயம் ஓட்டி, பிறகு பந்தயம் நடத்துபவராக ஆனவர். 1947 டிசம்பரில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் சிலரைக் கூட்டிப் பேசினார். 1948 பிப்ரவரியில் நாஸ்கார் நிறுவனமாகப் பதிவானது.

ஆனால் 1948இல் அவர்கள் நடத்தியது 'மாடிஃபைடு' பந்தயம். போருக்கு முந்தைய பழைய ஃபோர்டுகளை அறுத்து ஒட்டி, எஞ்சினைக் குடைந்து ஓட்டும் பந்தயம் அது. புதுக் கார்களை வைத்து நடத்த முடியாததற்குக் காரணம் எளிது: புதுக் காரே கிடைக்கவில்லை. 1942 தொடக்கத்தில் அமெரிக்கக் கம்பெனிகள் கார் செய்வதை நிறுத்திப் போர்த் தளவாடங்களுக்கு மாறின. போர் முடிந்தபின் உற்பத்தி தொடங்கியும் டீலரிடம் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்தார்கள் மக்கள். காத்திருந்து வாங்கிய காரை யார் கொண்டுபோய்ச் சுவரில் மோதுவார்கள்? 1949 வாக்கில்தான் நிலைமை சீரானது. தவிர, ப்ரூட்டன் ஸ்மித் போன்றவர்கள் நாஸ்காருக்குப் போட்டியாக வேறு பந்தய அமைப்பு நடத்திக்கொண்டிருந்த காலம் அது. யார் முந்துகிறார் என்பதும் ஒரு கணக்கு.

யாரெல்லாம் ஓட்டினாங்க? பெண் ஒருத்தர் ஓட்டினாங்கன்னு சொல்றாங்களே?

ஓட்டினார். சாரா கிரிஸ்டியன். 14ஆம் இடம். பந்தயத்தின் நடுவில் அவருடைய காரை பாப் ஃப்ளாக் வாங்கி ஓட்டினார். பாபின் சொந்தக் கார் அதற்குள் பழுதாகியிருந்தது. இப்படி ஆள் மாறுவதற்கு அப்போது தடையில்லை. "பாதியில மாத்தினா அது கணக்குல வருமா" என்று கேட்பவர்களுக்கு: அதே வருடம் அக்டோபரில் பிட்ஸ்பர்க் அருகே ஹைடல்பர்க் தடத்தில் சாரா ஐந்தாவதாக வந்தார். நாஸ்காரின் மேல்நிலைத் தொடரில் ஒரு பெண் பெற்ற மிக உயர்ந்த இடம் இன்றும் அதுவே.

ஃப்ளாக் சகோதரர்கள் பாப், ஃபாண்டி, டிம் மூவருமே அன்று தடத்தில் இருந்தார்கள். முதல் இடத்திலிருந்து கிளம்பியது பாப்தான். தகுதிச் சுற்றில் அவருடைய ஹட்சன் கார் மணிக்கு 67.958 மைல், அதாவது 109 கிலோமீட்டர் சொச்சம். இன்று நெடுஞ்சாலையில் நாம் போகும் வேகம்தானே என்று சிரிக்க வேண்டாம். அந்தத் தடத்தில் ஒரு சுற்றுக்கு 40 விநாடிகூட இல்லை, அதில் பெரும்பகுதி வழுக்கும் மண்ணில் வளைவு. ரெட் பைரனும் வந்திருந்தார். போரில் விமானத்தில் அடிபட்டு இடது கால் சரியாக இயங்காது. கிளட்சை மிதிக்கத் தனியாக ஒரு பட்டை பூட்டிக்கொண்டு ஓட்டியவர். அந்த வருடத் தொடரின் எட்டுப் பந்தயங்கள் முடிந்தபோது சாம்பியன் அவர்தான்.

பந்தயம் எப்படிப் போச்சு?

முதல் ஐந்து சுற்று பாப் ஃப்ளாக். ஆறாவது சுற்றிலிருந்து பில் ப்ளேர் தன் லிங்கன் காரில் முன்னே போய், 150ஆவது சுற்றுவரை யாரையும் கிட்டவிடவில்லை. பிறகு அந்த லிங்கன் சூடேறி நின்றது. அன்று இப்படிச் சூடேறி நின்றவை ஏராளம். கடையில் வாங்கிய காரின் ரேடியேட்டருக்கு 150 மைல் முழு வேகம் பழக்கமில்லை, போதாக்குறைக்குத் தூசி வேறு அடைத்துக்கொண்டது.

அதன் பிறகு முன்னால் ஓடியது க்ளென் டன்னவே. கார் 1947 மாடல் ஃபோர்டு, உரிமையாளர் ஹியூபர்ட் வெஸ்ட்மோர்லேண்ட். கோட்டைத் தாண்டும்போது இரண்டாவது ஆளைவிட மூன்று சுற்று முன்னால் இருந்தார். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஓட்டியது 100 குதிரைத்திறன் ஃபோர்டு. பின்னால் வந்தது 152 குதிரைத்திறன் லிங்கன். வழக்கமான கணக்கில் இப்படி நடக்கக் கூடாது.

அப்புறம் ஏன் டன்னவேக்குப் பரிசு கொடுக்கலை?

பந்தயம் முடிந்ததும் தொழில்நுட்பச் சோதகர் அல் கிரைஸ்லர் காரை ஆராய்ந்தார். பின்பக்க ஸ்பிரிங்கை அகட்டி, ஆப்பு வைத்து இறுக்கியிருந்தது தெரிந்தது. கம்பெனி கொடுத்தபடி இல்லை என்றால் அது ஸ்டாக் கார் இல்லை. டன்னவே நீக்கப்பட்டார். இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பர் வெற்றியாளர் ஆனார். ஃபாண்டி ஃப்ளாக் இரண்டாம் இடத்துக்கும் பைரன் மூன்றாம் இடத்துக்கும் ஏறினார்கள்.

ஸ்பிரிங்கை இறுக்கினா மூணு சுத்து முன்னாடி வந்துட முடியுமா? நம்பற மாதிரி இல்லையே.

முடியும். அந்தக் காலத்துக் கார்களின் ஸ்பிரிங் வீட்டு சோபா மாதிரி மெதுவாக இருக்கும். வளைவில் உடல் பகுதி முழுதும் வலப்பக்கம் சாயும், பின் சக்கரம் பிடிப்பு இழக்கும், ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தே ஆக வேண்டும். பின் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் சாய்வு குறையும், வளைவுக்குள் வேகத்தோடு போய் வேகத்தோடு வெளியே வரலாம். ஒரு வளைவில் கிடைக்கும் லாபம் சொற்பம்தான். ஆனால் 200 சுற்றில் 400 வளைவு.

நேர்கோடு நீளமாக இருக்கும் தடத்தில் லிங்கனின் எஞ்சின் இந்த லாபத்தைத் தின்றிருக்கும். குறுந்தடத்தில் அதற்கு இடமில்லை. என் கணிப்பில், இதே ஃபோர்டு டேடோனா கடற்கரையின் நீண்ட நேர்ப்பாதையில் ஓடியிருந்தால் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த ஸ்பிரிங் சாராயம் கடத்தறதுக்குப் போட்டதாமே? நிஜமா?

நிஜம்தான். அந்த வகை ஸ்பிரிங்குக்கே சாராயக்காரர் ஸ்பிரிங் என்றுதான் பேச்சு வழக்கில் பெயர். மலைப்பகுதியில் வரி கட்டாமல் காய்ச்சிய சாராயத்தை இரவோடு இரவாக நகரங்களுக்குக் கொண்டுபோவார்கள். 100 காலன் ஏற்றினால் ஜாடிகளோடு சேர்த்து 350 கிலோவுக்குக் குறையாது. சாதாரண ஸ்பிரிங் என்றால் பின்பக்கம் தரையில் தொங்கும், வரித்துறை ஆள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவான். விறைத்த ஸ்பிரிங் போட்டால் சுமையோடும் கார் மட்டமாக நிற்கும். சுமையை இறக்கிவிட்டு ஓட்டினால் முன் பதிலில் சொன்ன லாபம் தானாகவே கிடைக்கும். வெஸ்ட்மோர்லேண்டின் ஃபோர்டு அந்த வேலை பார்த்த வண்டி என்பது பரவலாகப் பதிவானதுதான்.

அப்போ நாஸ்காரை ஆரம்பிச்சதே சாராயக் கடத்தல்காரங்கதானா?

இங்கேதான் மசாலா சேர்கிறது. ஆரம்பித்தது பில் ஃபிரான்ஸ். அவர் பெட்ரோல் பங்கும் பந்தய வியாபாரமுமாக இருந்தவர். ஆனால் அவருடைய பந்தயங்களுக்குக் காரும் ஆளும் பணமும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் சாராயத்தின் வாடை அடிக்கத்தான் செய்யும். பைரனின் கார் உரிமையாளர் ரேமண்ட் பார்க்ஸ் அட்லாண்டாவில் சாராய வியாபாரத்தில் காசு பார்த்து, அதற்காகச் சிறைக்கும் போய்வந்தவர். ஃப்ளாக் குடும்பத்துக்கும் அந்தத் தொழில் பழக்கம் உண்டு. பார்க்ஸின் மெக்கானிக் ரெட் வோக்ட் சாராய வண்டிகளையும் பந்தய வண்டிகளையும் ஒரே பட்டறையில் தயார் செய்தார். நாஸ்கார் என்ற பெயரைச் சொன்னதும் அவர்தான் என்பார்கள்.

ஒரு வகையில் 1949 ஜூன் 19 அந்த உறவில் விழுந்த முதல் கோடு. "உங்கள் திறமை வேண்டும், உங்கள் ஸ்பிரிங் வேண்டாம்" என்று ஃபிரான்ஸ் சொன்னதாகத்தான் நான் அதைப் படிக்கிறேன்.

டன்னவேக்கு ஸ்பிரிங் விஷயம் தெரியுமா? பாவம், அவர் என்ன செய்வார்?

பாவம்தான். அன்று அவர் மைதானத்துக்கு வந்தபோது அவருக்குக் காரே இல்லை. கடைசி நேரத்தில் வெஸ்ட்மோர்லேண்டின் காரை ஓட்டச் சம்மதித்தார். ஓட்டியவர் ஒருவர், ஸ்பிரிங்கை மாற்றியவர் வேறொருவர், பெயர் போனது ஓட்டியவருக்கு. சக ஓட்டுநர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி அவருக்குக் கொடுத்தார்கள். நீக்கியது சரியென்று நினைத்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். நாஸ்கார் தொடரில் அவர் பெயரில் ஒரு வெற்றிகூடப் பதிவாகவில்லை.

கோர்ட்டுக்குப் போனாங்களாமே? தீர்ப்பு என்ன?

போனது டன்னவே இல்லை, வெஸ்ட்மோர்லேண்ட். நாஸ்கார் மீது 10,000 டாலர் கேட்டு வழக்கு. அதே வருடம் டிசம்பரில் கிரீன்ஸ்பரோவில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். நாஸ்கார் தன் விதிகளைத் தானே அமல்படுத்தலாம் என்பதுதான் இதன் பொருள்.

பந்தயத்தைவிட இந்தத் தீர்ப்புதான் பெரியது என்று அடித்துச் சொல்வேன். பதிவாகி இரண்டு வருடம்கூட ஆகாத ஒரு அமைப்பு அது. பரிசுப் பணத்தோடு ஓடிப்போகும் அமைப்பாளர்கள் மலிந்திருந்த தொழில். வழக்கில் தோற்றிருந்தால், அதற்குப் பிறகு நீக்கப்படும் ஒவ்வொருவரும் நீதிமன்றப் படியேறியிருப்பார். ஜெயித்ததால், சோதனைக் கொட்டகையில் சொல்வதே கடைசி வார்த்தை என்றானது. நல்லதற்கும் கெட்டதற்கும் ஃபிரான்ஸ் குடும்பத்தின் பிடி பல பத்தாண்டுகள் தளராமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜிம் ரோப்பர் யாரு? அவர் பேரை வேற எங்கேயும் கேட்டதில்லையே?

கேட்டிருக்க வாய்ப்பில்லை. கான்சாஸ் மாநிலத்துக்காரர். பத்திரிகையில் வந்த ஒரு சித்திரத் தொடரில் இந்தப் பந்தயத்தைப் பற்றிக் குறிப்பு வர, அதைப் பார்த்துவிட்டு 1,000 மைலுக்கு மேல் லிங்கனை ஓட்டிக்கொண்டே சார்லட்டுக்கு வந்தார். அதே காரில் பந்தயம் ஓடினார். வெற்றியாளர் என்று அறிவித்தபின் அவருடைய எஞ்சினையும் சோதனைக்குப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். ஊர் திரும்ப வேறு எஞ்சின் பூட்ட வேண்டியதாயிற்று. அந்தத் தொடரில் அவர் ஓடியது மொத்தம் இரண்டு பந்தயம்தான். டன்னவேயை மட்டும் குறிவைத்துச் சோதித்தார்கள் என்பவர்கள் இந்தப் பிரிக்கப்பட்ட எஞ்சினை மறந்துவிடுகிறார்கள்.

லீ பெட்டி அன்னிக்கு காரைக் கவிழ்த்தாராமே? சீட் பெல்ட் எல்லாம் இருந்ததா?

கவிழ்த்தார். அதுவும் இரவல் வாங்கிய ப்யூயிக் ரோட்மாஸ்டரை. பெரிய காயமில்லாமல் வெளியே வந்தார், ஆனால் கார் வீடு திரும்பும் நிலையில் இல்லை. 11 வயது மகன் ரிச்சர்ட் பார்த்துக்கொண்டிருந்தான். கனமான கார் வளைவில் சாய்ந்து உருளும் என்ற பாடத்தை லீ அத்தோடு கற்றுக்கொண்டு, எடை குறைந்த ப்ளிமத்துக்கு மாறி, அதே அக்டோபரில் ஹைடல்பர்க்கில் ஜெயித்தார். பிற்பாடு மூன்று முறை சாம்பியன். மகன் ஏழு முறை.

பாதுகாப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. போர் விமானங்களில் மிஞ்சிய பெல்ட், சிலருக்கு வெறும் கயிறு. கதவு திறந்துகொள்ளாமலிருக்க வாரால் கட்டிவைப்பார்கள். கூரையைத் தாங்கும் கம்பிக் கூண்டெல்லாம் பின்னால் வந்தவை.

இது உண்மையிலேயே முதல் ஸ்டாக் கார் பந்தயமா? 1936லயே நடந்ததுன்னு படிச்சேன்.

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 1936 மார்ச்சில் டேடோனா கடற்கரையில் ஒரு ஸ்டாக் கார் பந்தயம் நடந்தது. நடத்திய நகராட்சிக்குக் கை சுட்டது. அதில் ஐந்தாவதாக வந்தவர் யார் தெரியுமா? பில் ஃபிரான்ஸ். அட்லாண்டாவின் லேக்வுட் தடத்திலும் போருக்கு முன்பே பந்தயங்கள் நடந்திருக்கின்றன. 1949 சார்லட் முதல் என்பது நாஸ்காரின் இந்தத் தொடருக்கு மட்டும்தான். 1948இல் நாஸ்கார் நடத்தியவை மேலே சொன்ன 'மாடிஃபைடு' வகை.

அந்தத் தடம்தானே இப்ப சார்லட் மோட்டார் ஸ்பீட்வே?

இல்லை. இந்தக் குழப்பம் அங்கேயே பலருக்கு உண்டு. இப்போதிருப்பது 1960இல் திறந்த ஒன்றரை மைல் தடம், கன்கார்ட் என்ற ஊரில். கட்டியவர்களில் ஒருவர் முன்பு போட்டி அமைப்பு நடத்திய அதே ப்ரூட்டன் ஸ்மித். 1949 தடம் விமான நிலையப் பக்கம் இருந்தது, 1956இல் மூடப்பட்டது. இப்போது அந்த வட்டாரத்தின் மேல் 85ஆம் எண் நெடுஞ்சாலை போகிறது.

ஃபோர்டு அன்னிக்கு முதலா வந்ததை ஃபோர்டு வெற்றின்னு எண்ணுவாங்களா?

எண்ணமாட்டார்கள். பதிவேட்டில் வெற்றியாளர் ரோப்பர் என்றுதான் இருக்கிறது. நாஸ்காரில் ஃபோர்டின் முதல் வெற்றி ஒரு வருடம் கழித்து, 1950 ஜூன் 25இல், ஒஹையோ மாநில டேட்டனில் ஜிம்மி ஃப்ளோரியன் பெற்றது. வெயில் தாங்காமல் அவர் சட்டையில்லாமல் ஓட்டினார். விதியில் சட்டை பற்றி எதுவும் இல்லை.

இப்பவும் இப்படி வெற்றியைப் பறிப்பாங்களா?

ரொம்ப காலம் பறிக்காமலே இருந்தார்கள். 1960இல் வில்சன் தடத்தில் இமானுவல் ஜெர்வாகிஸ் அளவு மீறிய பெட்ரோல் டாங்க் வைத்ததற்காக வெற்றியை இழந்தார். அதன் பிறகு விதி மீறினால் அபராதம், புள்ளி வெட்டு என்பதோடு முடிந்துவிடும். ஞாயிறு மாலை ஜெயித்தவரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன ரசிகர், மறுநாள் பத்திரிகையில் வேறு பெயரைப் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் சொன்ன நியாயம். டன்னவே இதைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ.

2019இல் விதியை மாற்றினார்கள். 2022 ஜூலையில் போகோனோ தடத்தில் முதலில் வந்த டென்னி ஹாம்லினும் இரண்டாவதாக வந்த கைல் புஷ்ஷும், காரின் முன்முகப்பில் ஒட்டியிருந்த டேப்புக்காக நீக்கப்பட்டார்கள். வெற்றி சேஸ் எலியட்டுக்குப் போனது. இருவரும் ஓடிய அணியின் விளக்கம், கார் தயாரிக்கும் முறையில் செய்த ஒரு மாற்றம் உள்ளுக்குள் சரியாகச் சரிபார்க்கப்படவில்லை என்பது.